வெயிலில் தண்ணீர், குளிரில் பட்டினி: அடீனியம் கேள்வி – பதில்

பாலைவன ரோஜா என்று அழைக்கப்படும் அடீனியம், சஹாராவுக்குத் தெற்கே செனகல் தொடங்கி சூடான், எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா வரையிலும், செங்கடலுக்கு அப்பால் ஏமன், ஓமன், சவூதி அரேபியா வரையிலும் தானாக வளர்கிற செடி. அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. வறட்சியைத் தாங்கும் செடி என்று நம்பி வாங்கியவர்களின் கடிதங்களில் பெரும்பாலானவை அழுகலைப் பற்றியே பேசுகின்றன. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

கேள்வி: வாரம் ஒரு முறைதான் தண்ணீர் விடுகிறேன். அப்படியும் அடித்தண்டு மெத்தென்று ஆகிவிட்டது, இலைகள் பழுத்து உதிர்கின்றன. தண்ணீர் போதவில்லையா, அதிகமாகிவிட்டதா?

இரண்டிலும் அடி மெத்தென்றுதான் ஆகும். அதனால்தான் இத்தனை குழப்பம். கையால் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பருத்த அடித்தண்டை (வளர்ப்பவர்கள் காடெக்ஸ் என்பார்கள்) நான்கு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கொஞ்சம் அமுங்கி, தோல் லேசாகச் சுருங்கி, மண்ணும் உலர்ந்து கிடந்தால் அது தாகம். தொட்டியின் அடித்துளை வழியே வழியும்வரை தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று நாளில் கெட்டியாகிவிடும்.

ஒரு பக்கம் கல் மாதிரி இருந்து, இன்னொரு பக்கம் விரல் உள்ளே போகிற அளவுக்குக் குழைந்திருந்தால் அது அழுகல். அந்த இடத்தில் தோல் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறியிருக்கும். நகத்தால் லேசாகக் கீறினால் பச்சைக்கும் வெள்ளைக்கும் பதிலாகப் பழுப்புச் சதை தெரியும், புளித்த நாற்றம் வரும். மண் ஈரமாக இருக்கும்போதே அடி மெத்தென்று ஆனால் யோசிக்கவே வேண்டாம், அழுகல்தான். அந்த நேரத்தில் 'வாடுகிறதே' என்று மேலும் ஒரு குவளை ஊற்றுவதுதான் செடியைக் கொல்கிறது.

'வாரம் ஒரு முறை' என்ற கணக்கே தவறு. இந்தச் செடி தண்ணீர் குடிப்பது கிழமை பார்த்து அல்ல, வெப்பம் பார்த்து. 28 முதல் 38 டிகிரி வெயிலில், இலை நிறைந்து, தளிர் ஓடிக்கொண்டிருக்கும்போது சிறு தொட்டிச் செடிக்குத் தினமும்கூடத் தேவைப்படும். 15 டிகிரிக்குக் கீழே போனால் வேர் வேலையை நிறுத்திவிடும். அப்போது விடும் தண்ணீரைச் செடி எடுக்காது. அது மண் இடுக்குகளை அடைத்துக்கொண்டு நிற்கும், வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகல் பூஞ்சை நுழையும். வறட்சியைத் தாங்கும் என்றால் தண்ணீர் இல்லாமலும் பிழைத்துக்கிடக்கும் என்றுதான் பொருள். வறட்சியில் செழிக்கும் என்று பொருள் இல்லை. பிறந்த இடத்திலும் மழை வரும் மாதங்களில்தான் அது வளர்கிறது. மற்ற மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கிறது.

நடைமுறைக்கு ஒரு வழி: ஒரு மரக்குச்சியைத் தொட்டியில் பாதி ஆழம்வரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். குச்சி உலர்ந்து வந்தால் தண்ணீர் விடலாம். ஈரத்துகள் ஒட்டியிருந்தால் பொறுங்கள்.

கேள்வி: அழுகல்தான் என்று உறுதியாகிவிட்டது. செடியைக் காப்பாற்ற முடியுமா?

அழுகல் அடித்தண்டின் பாதியைத் தாண்டாமல் இருந்தால் பெரும்பாலும் முடியும். ஆனால் அன்றைக்கே செய்ய வேண்டும்.

செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேரில் இருக்கும் மண்ணை முழுக்கக் கழுவுங்கள். கூரான கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகிய சதையை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தியைத் திரும்பத் துடைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் நல்ல சதைக்கு நோயைக் கத்தியே கொண்டுபோகும். வெட்டிய முகம் முழுக்க வெள்ளையாக, கெட்டியாக, ஈரம் துளிர்க்கும் சதையாக இருக்கும்வரை நிறுத்தக் கூடாது. ஊசி முனை அளவுக்குப் பழுப்புப் புள்ளி விட்டுவைத்தாலும் பத்து நாளில் அது மறுபடி பரவும். செடி சிறிதாகிறதே என்று கைகூசுவது இயல்பு. ஆனாலும் இந்த ஒரு இடத்தில் இரக்கம் காட்டக் கூடாது. பக்கவாட்டில் குடைந்து வெட்ட வேண்டியிருந்தால் குழியாக விடாமல், தண்ணீர் வழிந்தோடும்படி சரிவாகச் செதுக்குங்கள்.

வெட்டிய இடத்தில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லிப் பொடியைத் தூவி, செடியை நிழலில், காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். சிறு வெட்டுக்கு 5 நாள், உள்ளங்கை அகல வெட்டுக்கு 10 முதல் 15 நாள். காயம் தோல் கட்டி, தட்டினால் கட்டையைத் தட்டுவது போலச் சத்தம் வரவேண்டும். பிறகு உலர்ந்த புதுக் கலவையில் நட்டு, மேலும் ஒரு வாரம் தண்ணீர் காட்டாமல் வையுங்கள். இலைகள் எல்லாம் உதிரும், அது பற்றிக் கவலை வேண்டாம். வேர் முழுவதும் போயிருந்தாலும் அடித்தண்டில் நல்ல சதை மிஞ்சியிருந்தால் புது வேர் விடும்.

ஒரு விஷயம். அழுகல் என்றதும் கார்பெண்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லிக் கரைசலை ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. ஈரம் தேங்குவதால் வரும் பித்தியம், பைட்டோப்தோரா என்ற அழுகல் கிருமி வகைகளுக்கு அது வேலை செய்யாது. மெட்டலாக்சிலும் மான்கோசெப்பும் சேர்ந்த மருந்து லிட்டருக்கு 2 கிராம் என்ற அளவில் பயன்படும். அதுவும் வராமல் தடுக்கத்தான். குழைந்துபோன சதையை எந்த மருந்தும் திருப்பித் தராது.

கேள்வி: மண்கலவை எப்படி இருக்க வேண்டும்? தோட்ட மண்ணுடன் மணல் சேர்த்தால் போதாதா?

போதாது. தோட்ட மண்ணின் களி, மணலின் இடுக்குகளில் புகுந்து இறுகிவிடும். பொடி மணலாக இருந்தால் இன்னும் மோசம். உலர்ந்ததும் சிமெண்டு போலாகி, தண்ணீர் மேலேயே நிற்கும்.

கலவையில் 60 முதல் 70 சதவீதம் மக்காத பருப்பொருளாக இருக்கட்டும். 3 முதல் 8 மில்லிமீட்டர் துகள்கள் சரியாக இருக்கும். பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்), பெர்லைட் (சூட்டில் பொரித்த எரிமலைக் கல்), சலித்த சுட்ட செங்கல் துண்டு, எரிந்த கரிக்கட்டித் துண்டு, பருமணல் ஆகியவற்றில் கிடைப்பதை எடுங்கள். எதுவானாலும் தூளைச் சலித்து நீக்கி, ஒருமுறை கழுவிக் காயவைத்துத்தான் சேர்க்க வேண்டும். மீதியில் பாதி நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், பாதி தென்னை நார்க்கழிவு. நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து பயன்படுத்துங்கள். பத்து லிட்டர் கலவைக்கு ஒரு கைப்பிடி எலும்புத்தூளும் அரைக் கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் போதும். மழை அதிகமுள்ள இடத்தில் நார்க்கழிவை முழுக்க விட்டுவிடலாம்.

சரியா என்று பார்க்க, நிரப்பிய தொட்டியில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். மேலே குளம் கட்டாமல் உடனே இறங்கி, சில நொடிகளில் அடித்துளையில் சொட்ட வேண்டும். நின்றால் கலவையில் தூள் அதிகம் என்று அர்த்தம்.

தொட்டியின் அடியில் ஒரு அடுக்கு ஜல்லி போட்டால் வடிகால் கிடைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. ஜல்லிக்கு மேலேயே ஈரம் தேங்கி, வேர் இருக்கும் உயரத்துக்கு ஏறிவிடும். அடித்துளையை ஒரு வலைத்துண்டால் மூடி, மேலிருந்து கீழ்வரை ஒரே கலவையை நிரப்புங்கள்.

தொட்டி ஆழமாக இல்லாமல் அகலமாக இருப்பது நல்லது. அடித்தண்டின் ஓரத்துக்கும் தொட்டி விளிம்புக்கும் இடையே 4 முதல் 5 சென்டிமீட்டர் போதும். 'பெரிய தொட்டியில் பெரிதாக வளரும்' என்று சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் நாட்கணக்கில் கிடக்கும். சுட்ட மண்தொட்டி சீக்கிரம் உலரும், புதிதாக வளர்ப்பவர்களுக்கு அதுவே பாதுகாப்பு.

கேள்வி: மழைக்காலத்தையும் குளிர்காலத்தையும் எப்படித் தாண்டுவது?

மழை ஒன்றிரண்டு நாள் பெய்து வெயில் வந்தால் எதுவும் செய்ய வேண்டாம், செடி மகிழ்ச்சியாகக் குடிக்கும். மூன்று நாளுக்கு மேல் விடாமல் பெய்தால் கூரைக்குள் நகர்த்துங்கள். நகர்த்த முடியாத பெரிய தொட்டியை ஒரு பக்கம் செங்கல் கொடுத்துச் சாய்த்து வைத்தால் கொஞ்சம் கூடுதல் தண்ணீர் வடியும். தொட்டியின் அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

குளிரில், இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் உரத்தை நிறுத்துங்கள், தண்ணீரைப் படிப்படியாகக் குறையுங்கள். 10 டிகிரி அளவில் இலை எல்லாம் உதிரும். உதிர்ந்த பிறகு தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. அடித்தண்டு நன்றாகச் சுருங்கினால் மட்டும், வெயில் உள்ள ஒரு காலையில் மேல்மண் நனையும் அளவுக்குக் கொஞ்சம். 5 டிகிரிக்குக் கீழே போகும் ஊரானால் வீட்டுக்குள் வெளிச்சமான ஜன்னல் ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். உறைபனி ஒரே இரவில் கிளை நுனிகளைக் கருக்கிவிடும். நுனிகளில் தளிர் எட்டிப் பார்த்த பிறகுதான் பழையபடி தண்ணீர். தளிர் வருமுன்பே ஆர்வத்தில் ஊற்றுவதால்தான் குளிர்காலத்தைத் தாண்டிய செடிகள் அதன் பிறகு அழுகுகின்றன.

கேள்வி: இலை தளதளவென்று இருக்கிறது. இரண்டு வருடமாக ஒரு பூ இல்லை. என்ன உரம் போடலாம்?

உரம் போட்டதால்தான் அந்த நிலை என்றே நினைக்கிறோம். முதலில் வெயிலைப் பாருங்கள். குறைந்தது 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். வெளிச்சமான நிழலில் இலை அகலமாகி, கணுக்களுக்கிடையே இடைவெளி நீண்டு, கிளை நெடுநெடுவென்று போகும். பூ வராது. நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் உச்சி வெயிலில் வைக்காதீர்கள். முதல் வாரம் காலை வெயில் மட்டும், பிறகு நாளுக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டுங்கள்.

அடுத்தது தழைச்சத்து. யூரியா, மாதந்தோறும் கைநிறையப் புண்ணாக்கு, அளவில்லாத தொழுவுரம் எல்லாம் இலையைத்தான் தரும். அதோடு அடித்தண்டின் சதையையும் நீர்கோத்து மென்மையாக்கும், அந்தச் சதை சுலபத்தில் அழுகும். வளர்ச்சிக் காலத்தில் 19:19:19 கரையும் உரம் (எண்கள் தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவு) லிட்டருக்கு 1 கிராம், 15 நாளுக்கு ஒருமுறை. கிளைகள் ஒரு சாண் நீண்டதும் அதை நிறுத்திவிட்டு, 0:52:34 அல்லது 13:0:45 லிட்டருக்கு 1 கிராம் கொடுங்கள். உலர்ந்த மண்ணில் உரக்கரைசல் விடக் கூடாது. முதல் நாள் வெறும் தண்ணீர், மறுநாள் உரம். மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, சேர்ந்திருக்கும் உப்பை வெளியேற்றுங்கள். இலை ஓரம் காய்ந்து பழுப்பாவது பெரும்பாலும் இந்த உப்பால்தான்.

இவை சரியாக இருந்தும் பூக்கவில்லை என்றால் வகையைப் பாருங்கள். அதிகம் பூப்பது ஒபீசம் வகை. அராபிகம் வகை அடித்தண்டின் அழகுக்காக வளர்க்கப்படுவது, அது குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் பூக்கும். ஏமனைச் சேர்ந்த சோகோட்ரா தீவுக்கே உரிய சோகோட்ரானம் மிக மெதுவாக வளரும், பூவுக்குப் பல ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

கேள்வி: கவாத்து எப்போது, எப்படி?

பூ புதுக் கிளையின் நுனியில்தான் வரும் என்பதால், எத்தனை நுனி இருக்கிறதோ அத்தனை பூங்கொத்து. ஒரு கிளையை வெட்டினால் அதிலிருந்து இரண்டு மூன்று கிளைகள் வரும். குளிர் விலகி, தளிர் தொடங்கும் நேரம்தான் சரியான காலம். மழையிலும் குளிரிலும் வெட்டினால் காயம் ஆறாமல் நுனியிலிருந்து கீழே அழுகிக்கொண்டு வரும்.

வெட்டுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். கிளைகளை மூன்றில் ஒரு பங்கு, தேவைப்பட்டால் அடியிலிருந்து 5 சென்டிமீட்டர் விட்டுவிட்டுகூட வெட்டலாம். கணுவுக்குச் சற்று மேலே, சரிவான வெட்டு. வெளிப்பக்கம் பார்த்த கணுவாகத் தேர்ந்தெடுத்தால் புதுக்கிளை வெளியே விரியும். பால் வடிவது நிற்கும்வரை துடைத்து, மேலே பூஞ்சைக்கொல்லிப் பொடி. பத்து முதல் பதினைந்து நாளில் முளைகள் தெரியும். பூவுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் வெட்டுங்கள். பாதியை விட்டுவைத்தால் செடி அந்தப் பாதிக்கே சத்தை அனுப்பும், வெட்டியவை மந்தமாகிவிடும்.

கேள்வி: அடுக்குப் பூ பூக்கும் செடியின் விதையைப் போட்டால் அதே பூ வருமா? ஒட்டுச்செடிதான் வாங்க வேண்டுமா?

விதையில் தாயின் நிறம் வரும் என்று நம்ப முடியாது. பெரும்பாலும் ஒற்றை அடுக்கில் இளஞ்சிவப்புதான் வரும். எப்போதாவது எதிர்பாராத அருமையான நிறமும் கிடைக்கும், அந்த எதிர்பார்ப்புக்காகவே விதைப்பவர்கள் உண்டு. குறிப்பிட்ட நிறம் வேண்டுமானால் ஒட்டுதான். கிளையை நட்டாலும் அதே பூ வரும். ஆனால் கிளைச்செடிக்கு விதைச்செடி போன்ற உருண்டை அடித்தண்டு அமைவதில்லை. வேர்கள் மட்டும் காலப்போக்கில் தடிக்கும்.

ஒட்டுச்செடி வாங்கினால் ஒட்டின் தழும்புக்குக் கீழே முளைப்பவற்றை வாராவாரம் பார்த்துக் கிள்ளிவிடுங்கள். அவை வேர்ச்செடியின் (ஒட்டைத் தாங்கும் அடிச்செடியின்) முளைகள், வேகம் அதிகம். ஒரு பருவம் கவனிக்காமல் விட்டால் ஒட்டுக்கிளை மெலிந்து காய்ந்தே போகும். 'வாங்கும்போது சிவப்பு அடுக்குப் பூ, இப்போது சாதா ரோஸ் பூக்கிறது' என்று வரும் புகார்களுக்கு இதுதான் காரணம். பூ மாறவில்லை, செடியில் பூப்பதே வேறு கிளை.

கேள்வி: வீட்டிலேயே ஒட்டுக்கட்ட முடியுமா?

முடியும். மழை இல்லாத வெயில் காலத்தில் செய்யுங்கள். விரல் தடிமனுள்ள வேர்ச்செடியை நேராக, ஒரே வீச்சில் வெட்டுங்கள். அதே தடிமனில் 4 முதல் 5 சென்டிமீட்டர் ஒட்டுக்குச்சி எடுத்து, இலைகளை நீக்கி, அடியை அதே போல நேராகச் சீவுங்கள். வடியும் பாலைச் சுத்தமான காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு, உடனே பொருத்துங்கள். பட்டைக்கு உள்ளே இருக்கும் பச்சை வளையம் இரண்டிலும் ஒன்றோடொன்று சேர வேண்டும். குச்சி மெலிந்திருந்தால் நடுவில் வைக்காமல் ஒரு ஓரமாவது வளையங்கள் தொடும்படி நகர்த்தி வையுங்கள். ஒட்டு பிடிப்பதும் பிடிக்காததும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. மெல்லிய பிளாஸ்டிக் நாடாவை மேலும் கீழுமாக இழுத்துக் கட்டி, குச்சியின் மேல் சிறு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, வாயைக் கட்டிவிடுங்கள். நிழலில் வைத்து, மேலே நனையாமல் மண்ணுக்கு மட்டும் தண்ணீர். இரண்டு மூன்று வாரத்தில் முளை தெரிந்ததும் பையின் வாயைத் தளர்த்தி, மேலும் சில நாள் கழித்து எடுங்கள். குச்சி கறுத்தால் ஒட்டு போய்விட்டது. வேர்ச்செடி போகவில்லை, கீழே இறக்கி வெட்டி மறுபடி கட்டலாம்.

கேள்வி: விதை போட்டால் முளைத்து, ஒரு வாரத்தில் சாய்ந்துவிடுகின்றன.

நாற்றழுகல். விதை மண்ணில் மக்காத எருவோ, எப்போதும் சொதசொதவென்று ஈரமோ இருந்தால் தரை மட்டத்தில் தண்டு நூல் போல மெலிந்து சாயும். விதைப்புக்குப் பெர்லைட்டும் அலசிய நார்க்கழிவும் சரிபாதி போதும், உரம் வேண்டாம். விதை புதிதாக இருக்க வேண்டும். நாளாக ஆக முளைப்புத்திறன் குறையும். மிச்ச விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம்.

விதையை 2 முதல் 4 மணி நேரம் ஊறவைத்து, படுக்கைவாட்டில் வைத்து, 3 முதல் 5 மில்லிமீட்டர் மட்டும் மூடுங்கள். 28 முதல் 32 டிகிரியில் நான்காம் நாள் தொடங்கி ஒரு வாரத்துக்குள் முளைக்கும். மேலே மூடி வைத்திருந்தால் முளைத்ததும் அதை எடுத்துக் காலை வெயில் காட்டுங்கள். முதல் நாளிலிருந்தே அடி சற்று உப்பியிருப்பதைப் பார்க்கலாம். நான்கைந்து ஜோடி இலை வந்ததும் தனித்தொட்டிக்கு மாற்றலாம். நல்ல வெயிலில் ஒன்று ஒன்றரை வருடத்தில் பூக்கும்.

கேள்வி: அடித்தண்டு பரந்து, வேர்கள் வெளியே தெரியும் செடிகளைப் பார்க்கிறோம். அது எப்படி?

பாதி வேலை இளமையில், பாதி மறுநடவில். நாற்றுக்கு மூன்று மாதம் ஆனபோது எடுத்து, ஆணிவேரைப் பாதிக்கு வெட்டி, 3 முதல் 5 நாள் நிழலில் உலர்த்தி, ஒரு தட்டையான ஓட்டுத்துண்டின் மேல் உட்காரவைத்து, பக்கவேர்களைச் சுற்றிலும் விரித்து நடுங்கள். வேர் கீழே இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் தடிக்கும்.

பிறகு ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, வெப்பம் தொடங்கும் நேரத்தில் மறுநடவு. ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்தி, செடியை எடுத்து, மெல்லிய வேர்களையும் குறுக்கே ஓடும் வேர்களையும் வெட்டி, ஒரு வாரம் உலர்த்தி, முன்பிருந்ததைவிட 2 முதல் 3 சென்டிமீட்டர் உயர்த்தி நடுங்கள். ஒரேயடியாக உயர்த்தாதீர்கள். இத்தனை நாள் மண்ணுக்குள் இருந்த வேரின் தோல் மெல்லியது. நேர் வெயில் பட்டால் வெந்து, அந்தப் பக்கம் மட்டும் மெத்தென்று ஆகும். முதல் இரண்டு வாரம் அந்தப் பகுதிக்கு ஒரு துணி நிழல் கொடுங்கள். தொட்டியை ஒரே பக்கம் வைத்திருந்தால் தெரியும், எப்போதும் மேற்கு வெயில் விழும் பக்கம்தான் இப்படி வேகும்.

இன்னொன்று, தரையில் நட்டு, வேருக்கு மண் நிறையக் கொடுத்து, கிளைகளை ஓடவிட்டால் அடி வேகமாகப் பருக்கும். மேலே எத்தனை இலை இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் கீழே உணவு சேரும். அடித்தண்டு வேண்டுபவர்கள் முதல் இரண்டு வருடம் அதிகம் கவாத்து செய்யாமல் இருப்பது நல்லது.

கேள்வி: மொட்டுகள் நிறைய வைத்து, விரியாமல் பழுப்பாகி விழுகின்றன.

ஒரு மொட்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் புழுக்கள் நெளிந்தால், அது மொட்டு ஈ. மொட்டுக்குள் முட்டையிட்டு, புழு உள்ளேயே தின்று, பிறகு மண்ணில் விழுந்து கூட்டுப்புழு ஆகிறது. மருந்து மொட்டுக்குள் எட்டாது. பாதித்த மொட்டுகளையும் உதிர்ந்தவற்றையும் தினமும் பொறுக்கி, பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். எருக்குழியில் போட்டால் மறுபடி வரும். மேல்மண்ணை 2 சென்டிமீட்டர் நீக்கிப் புதிது போடுங்கள்.

புழு இல்லை, மொட்டின் நுனி கருகிக் கோணலாக விரிகிறது என்றால் இலைப்பேன். புழுவும் பேனும் இல்லை என்றால் மழைநீர். அடுக்குப் பூவின் மொட்டில் தண்ணீர் தங்கினால் உள்ளேயே அழுகும். தண்ணீரை மண்ணுக்கு விடுங்கள், செடியின் தலையில் ஊற்றாதீர்கள்.

கேள்வி: இலையின் மேல் மஞ்சள் புள்ளிகள், அடியில் மெல்லிய வலை. வேப்பெண்ணெய் அடித்தும் போகவில்லை.

செஞ்சிலந்திப் பேன். வெள்ளைத் தாளை இலைக்கடியில் பிடித்துத் தட்டினால் மிளகாய்த்தூள் துகள் போல நகர்பவை தெரியும். இது பூச்சியினம் அல்ல, சிலந்தியினம். அதனால் சாதாரணப் பூச்சிமருந்துகள் கேட்பதில்லை. வறண்ட வெப்பத்தில் ஒரு வாரத்தில் பல மடங்காகும். மூன்று நாளுக்கு ஒருமுறை, காலையில், இலைகளின் அடிப்பக்கத்தை வேகமான தண்ணீரால் கழுவுவதே முதல் வைத்தியம். போதவில்லை என்றால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், மாலையில். 32 டிகிரிக்கு மேல் கந்தகம் இலையைக் கருக்கும். எண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமலும் அடிக்கக் கூடாது.

அதே சமயம், ஒரே இரவில் இலைகள் காம்போடு காணாமல் போயிருந்தால் தேடுங்கள். பக்கத்தில் நீலக் கண் போன்ற இரு புள்ளிகளுடன் விரல் தடிமனில் பச்சைப் புழு இருக்கும். அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு அது. தொட்டிக்குக் கீழே கிடக்கும் கறுத்த எச்சத்துக்கு நேர் மேலே பார்த்தால் அகப்படும். கையால் எடுத்துவிட்டால் முடிந்தது, மருந்து தேவையில்லை. மாவுப்பூச்சிக்கு ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு போதும். ஆனால் வேரிலும் அது குடியிருக்கும் என்பதால் காரணமில்லாமல் வளர்ச்சி நின்ற செடியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: குழந்தைகளும் நாயும் உள்ள வீடு. விஷச் செடி என்கிறார்களே?

உண்மைதான். இலை, பால், வேர், விதை எல்லாவற்றிலும் இதயத் துடிப்பைப் பாதிக்கும் கிளைக்கோசைடுகள் என்ற நச்சுப் பொருள்கள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவில் இதன் சாற்றை அம்பு நுனியில் விஷமாகத் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். தொட்டுப் பார்ப்பதால் ஆபத்தில்லை. வெட்டும்போது கையுறை போடுங்கள், பால் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவி மருத்துவரைப் பாருங்கள். கவாத்து செய்த துண்டுகளைத் தரையில் விடாதீர்கள். யாராவது மென்றுவிட்டால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல், செடியின் ஒரு துண்டோடு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தவழும் குழந்தை இருக்கும்வரை தொட்டிகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: செடியில் காயே பிடிப்பதில்லை. நாமே மகரந்தம் சேர்க்கலாமா?

ஒரே ஒரு செடி இருந்தால் பெரும்பாலும் காய்க்காது, வேறொரு விதைச்செடியின் மகரந்தம் வேண்டும். பூவின் குழலுக்குள் மகரந்தப்பைகள் கூம்பாகச் சேர்ந்து சூல்முடியை மூடியிருக்கும். இதழ்க்குழலின் ஒரு பக்கத்தைக் கிழித்து, கூம்பின் இடுக்கில் மெல்லிய தூரிகை முடியைச் செருகி மகரந்தத்தை எடுத்து, அடுத்த செடியின் பூவில் அதே போல இடுக்கு வழியாக உள்ளே செலுத்துங்கள். காலையில், விரிந்து ஓரிரு நாளான பூவில் செய்தால் பிடிக்கும். இரட்டைக் கொம்பு போலக் காய் வரும், முற்ற இரண்டரை மூன்று மாதம் ஆகும். பழுப்பாகத் தொடங்கியதும் காயைச் சுற்றி நூலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு மதியத்தில் வெடித்து, இரண்டு நுனியிலும் பட்டுப்பஞ்சு உள்ள விதைகள் காற்றோடு போய்விடும்.

கேள்வி: தரையில் நடலாமா?

உறைபனி இல்லாத, மழைநீர் தேங்காத இடமாக இருந்தால் தாராளமாக. தரை மட்டத்தில் குழி தோண்டாமல், அதே பருங்கலவையில் 30 சென்டிமீட்டர் உயர மேடு அமைத்து, அடித்தண்டு மேட்டின் உச்சியில் முழுக்கத் தெரியும்படி நடுங்கள். சொட்டுநீர்ப் பாசனம் இருக்கும் பாத்தியிலிருந்து தள்ளியே இருக்கட்டும். கூரைத் தண்ணீர் விழும் ஓரம் கூடாது. பூச்செடிகளுக்கு இடையே நட்டால் அவற்றுக்கு விடும் தினசரித் தண்ணீர் இதற்கு எமன். கற்றாழை, பிரண்டை போன்றவற்றோடு சேர்த்து ஒரு தனி மேடாக வைப்பதே சுலபம்.